தனக்கோடிக்கு வாசனை திரும்பிய விதம்

கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கும் தனக்கோடிக்குத் தன் மூக்கு வேலை செய்யவில்லை என்ற சேதி, அடுத்தவர் சொல்லித்தான் தெரியவந்தது. அதுவும் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து.

அடிபட்டது 2009ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு. மீனெல்லாம் விற்றுவிட்டு, காலி அலுமினிய அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவின் பின்பக்கம் விளிம்பில் உட்கார்ந்து கானத்தூர் குப்பத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கருவாட்டுக் கடை சரசு. சேலையூர் தாண்டியதும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தனக்கோடி மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை தார் ரோட்டில் மோதியது. கூடை உருண்டுபோய் எதிர்க்கடை வாசலில் நின்றது வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது. பிறகு கண்விழித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான்.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓடு உடையவில்லை. மூளையின் முன்பக்கத்து அடியில் சின்னதாக ரத்தம் கட்டியிருக்கிறது, தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். சில நாள் படுக்கவைத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அவள் புருஷன் வடிவேலு அந்த நாட்களில் கடலுக்கே போகவில்லை. ஃபைபர் படகை மச்சானிடம் விட்டுவிட்டு அவள் கூடவே கிடந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு தனக்கோடிக்குச் சோறு இறங்கவில்லை. வடிவேலுவே கிழங்கான் மீன் வாங்கிக் குழம்பு வைத்தான். ஒரு வாய் வைத்தவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"இன்னாய்யா இது, சுடுதண்ணில புளிய கரைச்சா மாதிரி கீது."

"நீ சொன்ன மாதிரிதாம்மே வெச்சேன். பூண்டு, வெந்தியம் எல்லாம் போட்டுதான் கீது."

"நாக்கு செத்துப்பூட்ச்சு. எல்லாம் இந்த மாத்திரை வேலை."

மாத்திரை தீர்ந்தது. நாக்கு திரும்பவில்லை. அதையே நினைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? மறுபடி மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே அவளுக்கு வாடிக்கையாளர்கள் நிறைய. அவர்களில் சுந்தர்சிங் சார், சேலையூரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஞாயிறு தவறாமல் சங்கரா மீன் வாங்குகிறவர். அவள் திரும்பி வந்த பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வாங்கிக்கொண்டு போன பையோடு அரைமணியில் திரும்பி வந்தார். கோபமாகக்கூட இல்லை. சங்கடப்பட்டுக்கொண்டுதான் பையை நீட்டினார்.

"தனக்கோடி, இதக் கொஞ்சம் மோந்து பாரேன்."

அவள் மீனை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். ஐஸில் கிடந்த மீன். செவுள் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"நல்லாதான சார் கீது."

அடுத்த கடையிலிருந்த சரசு எட்டிப் பார்த்தாள். எழுந்து வந்து குனிந்தவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"யக்கா, இன்னா சொல்ற நீ? நாறுதுக்கா."

"எதுடி நாறுது?"

"நெசமாவே தெரியலயா உனுக்கு?"

தனக்கோடி மீனை மறுபடி முகர்ந்தாள். காற்று உள்ளே போனது; குளிர்ச்சி தெரிந்தது. வேறொன்றுமில்லை. சுந்தர்சிங் சாருக்கு வேறு மீன் கொடுத்து அனுப்பிவிட்டு, சரசு தனக்கோடியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தன் கடைக் கருவாட்டை நீட்டினாள். பூக்காரம்மாவின் மல்லிகைப் பந்தில் முகத்தை வைக்கச் சொன்னாள். மார்க்கெட்டின் பின்னால் மீன் கழிவு கொட்டும் சாக்கடை ஓரம் நிறுத்தினாள். சரசுவுக்குக் குமட்டியது. தனக்கோடி மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டால் மல்லிகைப் பந்தும் சாக்கடையும் ஒன்றுதான்.

பயந்துபோய் அழுதாள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். அழுகை பிறகு வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். இத்தனை நாள் மூக்கில்லாமல் நடமாடியிருக்கிறோம், அது தனக்கே தெரியவில்லை என்றால் அது எப்படி? அன்று சாயங்காலம் அடுப்பங்கரையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். பெருங்காயம், மண்ணெண்ணெய், காப்பித்தூள், எதுவும் வரவில்லை. ஆனால் வெங்காயம் நறுக்கினால் கண்ணெரிந்தது. மிளகாயை வறுத்தால் தொண்டை கமறியது. தலைவலித் தைலத்தை உறிஞ்சினால் மூக்குக்குள் சில்லென்று ஓடியது. சிலது வருகிறது, சிலது வரவில்லை. இதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

அந்தக் கணக்கைக் கேட்கத்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நரம்பியல் பிரிவில் இருந்த டாக்டர் மஹாலட்சுமிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவசரமில்லாமல் பேசுகிறவர். சின்னச் சின்னக் குப்பிகளை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு துளையாக முகரவைத்தார். எட்டுக் குப்பிக்கும் தனக்கோடி இல்லையென்று தலையை ஆட்டினாள். ஒன்பதாவதைக் காட்டியதும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது தெரியுது டாக்டரம்மா. ஐஸ் ஃபாக்டரியில பைப்பு லீக்கானா வருமே, அந்த நெடி."

"கரெக்ட். அதே அமோனியாதான். ஆனா இதை நீங்க மோந்து கண்டுபிடிக்கல."

"பின்ன?"

"மூக்குக்குள்ள ரெண்டு விதமான நரம்பு வருது. ஒண்ணு வாசனைக்கு. இன்னொண்ணு முகம் பூரா இருக்கற தொடுவுணர்ச்சி நரம்போட கிளை. எரிச்சல், குத்தல், குளிர்ச்சி இதெல்லாம் அது சொல்றது. உங்களுக்கு அது நல்லா இருக்கு. முதல்ல சொன்னதுலதான் அடி."

தனக்கோடி, தான் மார்க்கெட்டில் கவனித்துவைத்திருந்த ஒன்றைச் சொன்னாள். சங்கரா கெட்டால் தெரியவில்லை. வஞ்சிரம் கெட்டாலும் தெரியவில்லை. சுறா கெட்டால் மட்டும் மூக்கில் ஏறுகிறது.

டாக்டர் சிரித்துவிட்டார். சுறாவின் உடம்பில் யூரியா அதிகம், அது கெடும்போது அமோனியாவாக மாறும், அதனால்தான் இந்த நரம்புக்குச் சேதி போகிறது என்று விளக்கினார். "மத்த மீன் நாத்தம் அடிக்குது. சுறா குத்துது. உங்களுக்குக் குத்தறது மட்டும்தான் இப்போ மிச்சம்."

அடுத்த கேள்வியையும் தனக்கோடி தயாராக வைத்திருந்தாள். அடிபட்டது பின்மண்டையில். மூக்கு இருப்பதோ முன்னால். அது எப்படி?

டாக்டர் ஒரு காகிதத்தில் தலையின் பக்கவாட்டுப் படத்தை வரைந்தார். மூக்கின் உச்சியில், மூளைக்குக் கீழே, ஒரு மெல்லிய எலும்பு. அதில் சல்லடைபோலத் துளைகள். மூக்கின் கூரையிலிருக்கும் வாசனைச் செல்களிலிருந்து கிளம்பும் நூல் நூலான நரம்புகள் அந்தத் துளைகளில் நுழைந்து மேலே மூளையின் அடிப்பக்கத்தில் போய்ச் சேர்கின்றன. மூளையோ ஓட்டுக்குள் இறுக்கமாக ஒட்டியிருப்பதில்லை. நீரில் மிதக்கிற மாதிரி இருக்கிறது.

"தலை பின்னால மோதி சட்டுனு நின்னுது. உள்ள மூளை நிக்கல. முன்னும் பின்னும் ஆடிடுச்சு."

"வண்டியில பிரேக் போட்டா அன்னக்கூடைத் தண்ணி தளும்புமே, அப்டியா?"

"அப்படியேதான். அந்த ஆட்டத்துல, சல்லடைக்குள்ள போற நூலெல்லாம் அறுந்துபோச்சு."

நாக்கைப் பற்றியும் கேட்டாள். நாக்குக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மாதிரி சிலதைத்தான் நாக்கு சொல்லும். குழம்பின் மீதி ருசியெல்லாம் வாயிலிருந்து பின்பக்கமாக மூக்குக்கு ஏறிப்போகிற வாசனைதான். அதைக் கேட்டதும் தனக்கோடிக்கு வடிவேலு வைத்த குழம்பு நினைவு வந்தது. பாவம், அந்த மனுஷனைத் திட்டிவிட்டோமே என்று இருந்தது.

"திரும்ப வருமா டாக்டரம்மா?"

"உறுதியா சொல்ல முடியாது. பொதுவா மூளையில நரம்பு செல் செத்தா புதுசா முளைக்கறது ரொம்ப அபூர்வம். ஆனா மூக்குக் கூரையில இருக்கற இந்த செல்லு மட்டும் விதிவிலக்கு. பழசு செத்துப் புதுசு வந்துட்டே இருக்கும், சாகற வரைக்கும். அதுங்க சல்லடைத் துளையில வழி கண்டுபிடிச்சு மேல போய்ச் சேரணும். தழும்பு அடைச்சிருந்தா போகாது. சில பேருக்கு வருது. நிறையப் பேருக்கு வர்றதில்ல."

வெளிநாட்டில் அந்த வருடம்தான் ஓர் ஆராய்ச்சி வந்திருக்கிறது, அதைச் செய்து பார்க்கலாம், செலவும் இல்லை கெடுதலும் இல்லை என்று ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் முகர வேண்டும். முகரும்போது அதன் வாசனை எப்படி இருக்கும் என்று மனதில் கொண்டுவர வேண்டும்.

மார்க்கெட்டில் தனக்கோடி விஷயத்தை மறைக்கவில்லை. மறைத்து வியாபாரம் பண்ணலாம் என்று ஒருத்தி யோசனை சொன்னதற்கு, "நாளிக்கு ஒரு புள்ளைக்கு வாந்தி பேதி ஆனா யாரு பதில் சொல்றது" என்று கேட்டுவிட்டாள். காலையில் வேனிலிருந்து மீன் இறங்கியதும் சரசு ஒவ்வொரு கூடையாக முகர்ந்து சொல்வாள். வாங்க வருகிறவர்களிடம் தனக்கோடியே சொல்லிவிடுவாள்: "எனுக்கு மூக்கு வேலை செய்யல. நீங்களே மோந்து பாத்து எடுத்துக்குங்க." சிலர் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். சிலருக்கு இது வேடிக்கையாகிவிட்டது. சுந்தர்சிங் சார் ஒவ்வொரு மீனாக முகர்ந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு தேர்ந்தெடுத்தார்.

கஷ்டம் மார்க்கெட்டில் இல்லை, வீட்டில் இருந்தது. வடிவேலு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் டிவியில் வருகிற ஆள் மாதிரி இருந்தான். முகம் தெரிந்தது, குரல் கேட்டது, ஆனால் ஆள் வந்து சேரவில்லை. கடலுப்பும் டீசலும் பீடியும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒன்று, இருபது வருடமாகப் பக்கத்தில் இருந்தது, இப்போது இல்லை. அதற்குத்தான் அவள் அழுதாள். காரணத்தைச் சொன்னால் சிரிப்பான் என்று தலைவலி என்றாள்.

பயிற்சிக்கு அவன்தான் துணை. அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவன் ஒவ்வொரு குப்பியாக நீட்டிப் பேரைச் சொல்வான். "கிராம்பு. நெனச்சுக்கோ. பல்வலிக்கு வெப்பியே." அவள் நினைத்துக்கொள்வாள். நீலகிரித் தைலத்தின் சில்லிப்பைத் தவிர ஒன்றும் வராது. கோடை போயிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ரோஜாவை மாற்றி மாற்றி வாங்கிவந்து வடிவேலுவுக்கே சலித்துவிட்டது. அவள் விடவில்லை. வரும் வராது என்பது ஒரு பக்கம். உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்கு இன்னொரு பக்கம்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள். ஏதோ தீய்கிற நாற்றம். அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. சுவிட்ச் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். பரணில் இருந்த சாமானையெல்லாம் இறக்கினாள். வலை பின்னிக்கொண்டிருந்த வடிவேலுவைக் கூப்பிட்டாள்.

"இன்னா எரியுது பாருய்யா."

அவன் வீட்டைச் சுற்றி வந்தான். "ஒண்ணும் எரியலயே."

"ப்ளாஷ்டிக் தீயிற மாதிரி வருதுய்யா எனுக்கு."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவளுக்கு வாசனை வருகிறது. இல்லாத வாசனைதான். ஆனாலும் வருகிறது.

டாக்டர் மஹாலட்சுமி இதைக் கேட்டு உடனே சந்தோஷப்படவில்லை. அந்த நேரத்தில் நினைவு தப்பியதா, கையோ வாயோ தானாக அசைந்ததா, பேசினால் பதில் சொல்ல முடிந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். மூளையின் பக்கவாட்டில், நினைவுக்கும் வாசனைக்கும் அடுத்தடுத்து இடம் இருக்கிறது. அங்கே வலிப்பு வந்தாலும் இப்படித் தீய்ந்த வாசனை தோன்றும் என்றார். தலை முழுக்க ஒயர் ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்தார்கள். வலிப்பின் அடையாளம் எதுவும் இல்லை.

"அப்போ நூலு முளைக்குதுன்னுதான் நினைக்கிறேன். வேளச்சேரி ரோட்டுல பள்ளம் தோண்டினப்போ டெலிபோன் ஒயர் எல்லாம் அறுந்துபோச்சே, ஞாபகம் இருக்கா? மறுபடி இணைச்சதும் ஒரு வீட்டுக்கு வர வேண்டிய போன் இன்னொரு வீட்டுல அடிச்சுதே. அந்த மாதிரி. ஒவ்வொரு விதமான வாசனைச் செல்லுக்கும் மேல ஒரு இடம் உண்டு. புதுசா முளைச்சது இடம் மாறிப் போய்ச் சேர்ந்தா மூளை தப்பா படிக்கும். கொஞ்ச நாளைக்கு எல்லாமே நாறலாம். பொறுத்துக்கணும்."

டாக்டர் சொன்னது சும்மா இல்லை. காப்பி முடி கருகுகிற மாதிரி வந்தது. வெங்காயம் தாளித்தால் ஓட்டமெடுத்தாள். மல்லிகை அழுகின முட்டைக்கோஸ். எல்லாவற்றையும் விட மோசம் வடிவேலு. அவன் பக்கத்தில் வந்தாலே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். நாலாம் நாள் அவன் கேட்டுவிட்டான்.

"நான் இன்னா பாவம் பண்ணேன், இப்டி ஒதுங்கி ஒதுங்கிப் போற?"

"உன்மேல தப்பு இல்லய்யா. ஒயரு மாறிப்பூட்ச்சு." டெலிபோன் கதையை அவனுக்குச் சொன்னாள்.

"சரி, பீடிதான் காரணம்னா வுட்டுர்றேன்."

"எதுன்னு தெரியாம எதுக்கு வுட்ற? ஒண்ணொண்ணா பாத்துரலாம்."

ஒரு நாள் பீடியில்லாமல் வந்தான். அதே நாற்றம். ஒரு நாள் டீசல் பட்ட சட்டையை வெளியிலேயே அவிழ்த்துப்போட்டு வந்தான். மாறவில்லை. சந்தனச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் வாசலுக்கே ஓடிவிட்டாள். பிறகு ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்து உட்கார்ந்தான். தனக்கோடி கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே வந்தாள்.

"எண்ணெதான்யா. தேங்காயெண்ணெதான் நாறிகினு இருந்துச்சு."

பீடி தப்பித்ததில் வடிவேலுவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அன்றிலிருந்து வறண்ட தலையோடு திரிந்தான். குப்பத்தில் யாராவது கேட்டால், "வூட்ல மூக்கு ரிப்பேர் நடந்துகினு கீது" என்பான். அவளுக்கு அவன் பழைய ஆளாகத் திரும்பியது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முதலில் டீசல். வெகுநாள் கழித்து, உப்பு.

ஒன்றரை வருடத்தில் அவளுக்குத் திரும்பியது பாதி என்று டாக்டர் கணித்தார். எலுமிச்சை சரியாக வந்தது. கிராம்பு வந்தது. மீன் கெட்டால் தெரிகிறது. ஆனால் பழைய நாற்றமாக இல்லை, துருப்பிடித்த இரும்பு மாதிரி வேறொன்றாக. அந்த வேறொன்று வந்தால் மீன் கெட்டிருக்கிறது என்று அவள் படித்துக்கொண்டாள். சந்தேகம் வந்தால் இப்போதும் சரசுவைக் கூப்பிடுவாள். மல்லிகை திரும்பவே இல்லை. நாறுவதை நிறுத்தியதோடு சரி. காப்பிக்கு ஒரு புது வாசனை வந்திருக்கிறது. அதற்கு அவளிடம் பேர் கிடையாது. ஆனால் குடிக்கிறாள்.

2010ஆம் ஆண்டு ஆடி மாதம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, டாக்டர் மஹாலட்சுமி ஒருவரைக் காட்டி, "இவர்கிட்ட கொஞ்சம் பேசறீங்களா?" என்று கேட்டார். மோகன்ராஜ், மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். படிக்கட்டில் வழுக்கிப் பின்மண்டை அடிபட்டவர். மூக்கு போய் ஆறு மாதம். குழம்பு கொதிக்கிற பக்குவம் தெரியவில்லை என்று வேலையை விடப்போவதாக இருந்தார். பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு எத்தினி நாள்ல வந்துதும்மா?"

"அத வுடுண்ணா. உனுக்கு வருமான்னு எனுக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. இப்ப இன்னா இன்னா தெரியுது, சொல்லு."

"ஒண்ணும் தெரியலம்மா."

"மொளகா?"

"அது... எரியும்."

"வெங்காயம் அரிஞ்சா?"

"கண்ணுல தண்ணி வரும்."

"அப்ப ஒண்ணும் தெரியலன்னு சொல்லாத. வா, ஒரு டீ சாப்ட்டுப் பாக்கலாம்."

வாசல் டீக்கடையில் இரண்டு கிளாஸ் வாங்கினார்கள். மோகன்ராஜ் ஒரு மடக்குக் குடித்து, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். இனிப்பு தெரிகிறது, பின்னால் தொண்டையில் லேசாக ஏதோ காரம், இஞ்சி போட்டிருப்பான் என்றார். தனக்கோடி கிளாஸை மூக்கருகே வைத்து நிதானமாக இழுத்தாள்.

"இஞ்சி இல்லண்ணா. மொளகு மாதிரி வருது எனுக்கு."

"மிளகு நாக்கு நுனியில கடிக்கும்மா. இது உள்ள போயிதான் கடிக்குது." இருபது வருடம் சமைத்தவரின் குரல் அதில் முதல் தடவையாக எட்டிப் பார்த்தது.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் டீ மாஸ்டரைக் கேட்டார்கள். அவர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டும் இல்ல. சுக்கு" என்றார்.

மோகன்ராஜ் மிச்ச டீயை மெதுவாக, ஒவ்வொரு மடக்காக, வாயில் வைத்துவைத்துக் குடிக்க ஆரம்பித்தார்.